ஐ.ஆர்.8 பாடத்தில் கீழ்வெண்மணிக்கு என்ன வேலை?

குறுவை:
பன்னிரண்டாம் வகுப்புக்குத் தாவரவியல் எடுக்கிறேன். போன வாரம் பயிர்ப்பெருக்கம் நடத்தும்போது கீழ்வெண்மணியைப் பற்றியும் பேசினேன். "இது உங்கள் பாடம் இல்லையே" என்றார் சக ஆசிரியர் ஒருவர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆடுதுறை 27 என்ற நெல் ரகம் வெளியானது 1965இல். சுமார் 105 நாள் பயிர், குறுவைப் பருவத்துக்கு அப்படியே பொருந்தியது. அது விளைந்த அன்றைய தஞ்சை மாவட்டத்தின் கீழ்வெண்மணியில்தான் கூலியாகக் கொஞ்சம் கூடுதல் நெல் கேட்ட மக்களில் 44 பேரை 1968 டிசம்பர் 25 இரவில் குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். விளைச்சல் கூடியதைச் சொல்லும் நான், அந்த நெல் யார் வீட்டுக் குதிருக்குப் போனது என்பதை ஏன் விட வேண்டும்?

மதுரைக்காரன்:
டீச்சர், நானும் உயிரியல் ஆசிரியன்தான். கீழ்வெண்மணியைப் பிள்ளைகள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும், ஆனால் வரலாற்று வகுப்பில். பண்ணையார் ஆதிக்கமும் சாதியும் ஆடுதுறை 27 வருவதற்குப் பல தலைமுறை முன்பிருந்தே இருந்தவை. விதையையும் கொலையையும் ஒரே மூச்சில் சொன்னால் விதைதான் காரணம் என்று பிள்ளை எழுதிவிடும். என் வகுப்பில் பாதிப் பேர் ஐ.ஆர்.8 என்ற குட்டை நெல் ரகத்தை மரபணு மாற்றப் பயிர் என்று நம்புகிறார்கள். வாட்ஸ்அப்பில் வந்ததாம். அது பீட்டா என்ற நெட்டை ரகத்தையும், தைவானின் டீ-ஜியோ-வூ-ஜென் என்ற குட்டை ரகத்தையும் சாதாரணமாக ஒட்டுச் சேர்த்தது என்று புரியவைக்கவே ஒரு பீரியட் போகிறது.

அந்த நாள் பஞ்சத்தையும் மறக்கக்கூடாது. 1966இல் மட்டும் சுமார் ஒரு கோடி டன் தானியத்தை வெளியிலிருந்து வாங்கினோம். 1967 தேர்தலில் "ரூபாய்க்கு மூன்று படி அரிசி" எடுபட்டதற்குக் காரணம் வயிறுதான்.

குறுவை:
சரி சார், பஞ்சத்தை நான் சொல்லாமல் விட்டது தவறு. விதைதான் காரணம் என்று பிள்ளைகள் எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பயிரை ஏன் குட்டையாக்கினார்கள் என்று ஒரு மாணவி கேட்டாள். உரம் போட்டால் நெட்டைப் பயிர் இன்னும் வளர்ந்து, கதிர்ப் பாரம் தாங்காமல் சாய்ந்துவிடும் என்றேன். உடனே அவள், "அப்போ வைக்கோல் குறையுமே மிஸ், மாட்டுக்கு என்ன போட்டாங்க? கூரை எதுல வேய்ஞ்சாங்க?" என்றாள். இதை வேறு வகுப்பில் போய்க் கேள் என்று எப்படிச் சொல்வேன்? தண்டின் உயரம் அறிவியல் என்றால் கூரையும் அதே தண்டுதானே?

படுகை:
நான் ஆசிரியர் இல்லை, நெல் விவசாயி. நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். இந்தோனேசியாவில் நடந்ததைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அங்கே புகையான் என்ற சாறு உறிஞ்சும் பூச்சி தாக்கி வயல் வயலாகத் தீய்ந்தது. மருந்து அடிக்க அடிக்க அது பெருகியது. புகையானைத் தின்னும் சிலந்திகளை மருந்து கொன்றுவிட்டது. இலையுறைக்குள் இருந்த முட்டைகளோ தப்பித்துப் பொரித்தன. மருந்துக்கு அரசே மானியம் கொடுத்துக்கொண்டிருந்ததால் யாரும் நிறுத்தவில்லை. 1986இல்தான் நெல்லுக்கு 57 பூச்சிமருந்துகளைத் தடை செய்தார்கள். மூன்று ஆண்டு கழித்து உழவர் வயல்வெளிப் பள்ளி தொடங்கினார்கள். உழவர்கள் வரப்போரம் உட்கார்ந்து, தூருக்கு எத்தனை புகையான், எத்தனை சிலந்தி என்று எண்ணிப் படம் வரைந்தார்கள். மருந்து அடிப்பதா வேண்டாமா என்பதை அந்தப் படத்தை வைத்து அவர்களே முடிவு செய்தார்கள். இதில் பூச்சியியல் எங்கே முடிகிறது, மானியம் எங்கே தொடங்குகிறது என்று யாராவது கோடு போட்டுக் காட்டுங்கள்.

மதுரைக்காரன்:
ஐயா, இது எனக்குப் பிடித்திருக்கிறது. காரணமும் விளைவும் எண்ணிப் பார்க்கும்படி இருக்கின்றன. கீழ்வெண்மணியைப் பொறுத்தவரை நான் இன்னும் மாறவில்லை டீச்சர். அங்கே விதையின் பங்கு எவ்வளவு என்று வகுப்பில் வைத்து அளக்க வழியில்லை. அளக்க முடியாததை அறிவியல் ஆசிரியர் சொன்னால், பிள்ளைகள் அதையும் நிரூபிக்கப்பட்டதாக எடுத்துக்கொள்வார்கள்.

குறுவை:
அதனால்தான் சார் அதை முடிவாகச் சொல்லாமல் கேள்வியாக வைக்கிறேன். கூலி என்ன, விளைச்சல் என்ன என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதி வரச் சொல்லியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அந்த மாணவி பழைய நெட்டை ரகத்தில் ஒரு நெல் தாளும் குட்டை ரகத்தில் ஒரு நெல் தாளும் கொண்டு வருகிறாள். வகுப்பில் வைத்து அளக்கப்போகிறோம். படுகை ஐயா, உங்கள் வயலில் தூர் எண்ணுவதற்கு எங்கள் பிள்ளைகளைக் கூட்டி வரலாமா?

படுகை:
தாராளமாக வாருங்கள். காலையிலேயே வந்துவிடுங்கள், வெயில் ஏறினால் தூரில் ஒன்றும் கண்ணுக்குப் படாது.