"எங்கப்பா மோலாரிட்டி எதுவும் போடுறதில்லையே சார்"

வேதியியல் வாத்தியார்:
திருப்பூர் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் ஒன், பிளஸ் டூவுக்கு வேதியியல் எடுக்கிறேன். தமிழ் வழி. வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் யாராவது ஒருவர் பனியன் கம்பெனிக்கோ சாயப்பட்டறைக்கோ போகிறவர்தான். கரைசல்கள் பாடத்தில் மோலாரிட்டி, அதாவது ஒரு லிட்டர் கரைசலில் கரைந்த பொருள் எத்தனை மோல் என்ற கணக்கு போட்டுக்கொண்டிருந்தபோது, "இது சோப்பு, மருந்து, சாயம்னு எல்லாத் தொழிலுக்கும் வேணும்ப்பா" என்று சொல்லிவைத்தேன். கடைசி பெஞ்சில் ஒருவன் எழுந்து, "எங்கப்பா ரொம்ப வருசமா டையிங்குலதான் இருக்காரு. அவரு மோலாரிட்டி எதுவும் போடுறதில்லையே சார்" என்றான். வகுப்பே சிரித்தது, நானும்தான்.

சாயப்பட்டறை லேப், சுத்திகரிப்பு நிலையம் இப்படி எங்காவது வேலை பார்ப்பவர்கள் சொல்லுங்கள்: உங்கள் வேலையில் எங்கள் பாடம் எந்த இடத்தில் வருகிறது? "கெமிஸ்ட்ரி ரொம்ப முக்கியம் சார்" என்ற பதில் வேண்டாம். ஒரு பீரியடில் கரும்பலகையில் போட்டுக் காட்டும்படி ஏதாவது வேண்டும்.

லேப் டிப்:
பையன் சொன்னது சரிதாங்க சார். பட்டறையில் மோலாரிட்டி என்று யாரும் வாயைத் திறப்பதில்லை. எல்லாம் கிராம் பர் லிட்டர், இல்லையென்றால் துணி எடையில் இத்தனை சதவீதம். நான் ஒரு சாயப்பட்டறை லேபில் இன்சார்ஜ். ஒரு தடவை சாயம் போட என்னென்ன எவ்வளவு என்று எழுதிய எங்கள் பேட்ச் கார்டு ஒன்றை அப்படியே போர்டில் எழுதுங்கள்:

துணி 100 கிலோ. லிக்கர் ரேஷியோ 1:8 (ஒரு கிலோ துணிக்கு 8 லிட்டர் தண்ணீர்). சாயம் 2 சதவீதம். உப்பு 60 கிராம் பர் லிட்டர். சோடா ஆஷ் 20 கிராம் பர் லிட்டர்.

தண்ணீர் 800 லிட்டர், சாயம் 2 கிலோ, உப்பு 48 கிலோ, சோடா 16 கிலோ. இதை அந்தப் பையனின் அப்பா மனக்கணக்காகவே சொல்லிவிடுவார். பசங்களையும் வாயால் சொல்லச் சொல்லுங்கள், பேனா வேண்டாம்.

இப்போது அடுத்த கேள்வியைப் போடுங்கள். நாங்கள் கிளாபர் சால்ட் என்று சொன்னாலும் மூட்டையில் பெரும்பாலும் வருவது நீரற்ற சோடியம் சல்பேட். மேலே உள்ள 48 கிலோ அதற்கான கணக்கு. ஒரு நாள் அதற்குப் பதில் நீர்ப்படிகம், அதாவது பத்து நீர் மூலக்கூறு சேர்ந்த உப்பு வந்து இறங்கினால்? அதே 48 கிலோ போட்டால் போதுமா? நீரற்ற உப்பின் மோலார் நிறை, அதாவது ஒரு மோலின் எடை, 142 கிராம், படிகத்துக்கு 322. அந்த 322-இல் 180 வெறும் தண்ணீர். 48-ஐ 322-ஆல் பெருக்கி 142-ஆல் வகுத்தால் சுமார் 109 கிலோ வரும். மூட்டையைப் பார்க்காமல் 48 கிலோவே கொட்டினால் உள்ளே போவது 21 கிலோ உப்புதான். சாயம் துணிக்கு ஏறாமல் தண்ணீரிலேயே நிற்கும், ஷேடு வெளிறிவிடும். அப்புறம் டாப்பிங் (மறுபடி சாயம் ஏற்றுவது), கூடுதல் தண்ணீர், கூடுதல் நீராவி, துணி கொடுத்த பார்ட்டியிடம் திட்டு. மோல் வேலைக்கு வருவது இந்த இடத்தில். அப்பா மோல் போடாமல் வேலை செய்ய முடிகிறதென்றால், அவருக்கு முன்னால் யாரோ போட்டு கார்டில் எழுதி வைத்திருக்கிறார்கள். கார்டை எழுதுகிறவருக்கும் கார்டைப் பார்த்து உப்பைக் கொட்டுகிறவருக்கும் சம்பளம் ஒன்றா என்பதையும் அந்தப் பையனிடமே கேளுங்கள்.

லேபில் நடப்பது இதைவிடப் பொடிக் கணக்கு. 5 கிராம் துணித் துண்டு, மஞ்சள் சாயம் 0.35 சதவீதம். அதாவது 0.0175 கிராம். அதை யார் நிறுத்துப் போடுவது? 1 சதவீதக் கரைசல் தயாராக இருக்கும், அதிலிருந்து 1.75 மில்லியைப் பிப்பெட்டில் எடுப்போம். அதையே 0.1 சதவீதக் கரைசலில் எடுத்தால் 17.5 மில்லி. உங்கள் நீர்த்தல் கணக்குதான், பெயர் மட்டும் வேறு. வேலை கேட்டு வருகிறவர்களிடம் நான் சர்டிபிகேட்டைப் புரட்டுவதில்லை. "1 சதவீதக் கரைசல் 500 மில்லி போடுப்பா" என்பேன். 5 கிராம் எடுத்து, கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, பிறகு 500 மில்லி கோடு வரை ஊற்றுகிறவன் உள்ளே வரலாம். 500 மில்லித் தண்ணீரை முதலில் அளந்து வைத்துக்கொண்டு அதில் 5 கிராமைக் கொட்டுகிறவர்கள் பட்டம் வாங்கியவர்களிலும் நிறையப் பேர்.

ஒன்று மட்டும், சார். எல்லாப் பாடத்தையும் இப்படி இழுக்காதீர்கள். குவாண்டம் எண்ணுக்கு எங்கள் பட்டறையில் ஒரு வேலையும் இல்லை. இருக்கிறது என்று சொன்னீர்களானால் அந்தக் கடைசி பெஞ்சுக்காரன் மறுபடியும் எழுந்துவிடுவான்.

ஆர்.ஓ. ஆபரேட்டர்:
பொது சுத்திகரிப்பு நிலையத்தில் ஷிப்ட் பார்க்கிறேன். லேப் டிப் அண்ணன் கொட்டச் சொன்ன அந்த 48 கிலோ உப்பும் கடைசியில் எங்களிடம்தான் வருகிறது. துணியில் உப்பு நிற்காதே.

சவ்வூடு பரவல் அழுத்தம், அதாவது சவ்வு வழியாக நல்ல தண்ணீரை உப்புப் பக்கம் இழுக்கிற அழுத்தம், நடத்தும்போது இதைப் போடுங்கள் சார். லிட்டருக்கு 14.2 கிராம் சோடியம் சல்பேட், அதாவது 0.1 மோலார். மூன்று அயனிகளாகப் பிரிவதால் வாண்ட் ஹாஃப் காரணி (ஒரு மூலக்கூறு கரைந்து எத்தனை துகள் ஆகிறது என்பது) 3. 303 கெல்வினில் 3 × 0.1 × 0.0821 × 303, சுமார் 7.5 அட்மாஸ்பியர். நல்லியல்புக் கரைசல் கணக்குதான், இருந்தாலும் ஆளுக்குப் புரியும். பம்ப் இதற்கு மேல் தள்ளினால்தான் சவ்வின் அந்தப் பக்கம் நல்ல தண்ணீர் வரும். தண்ணீர் பிரியப் பிரிய இந்தப் பக்கம் உப்பு கூடும், அழுத்தமும் கூட்டணும். ஓர் அளவுக்கு மேல் சவ்வு தாங்காது, மிச்சத்தை ஆவியாக்கித்தான் உப்பு எடுக்கிறோம்.

2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. கழிவு ஒரு சொட்டும் வெளியே போகாத ஏற்பாடு இருந்தால்தான் திறக்கலாம் என்றார்கள். பசங்க அப்போது பிறந்திருந்தாலே அதிகம், ஆனால் வீட்டில் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். என்னுடைய வேலையே அதற்குப் பிறகு வந்த வேலை.

செக்கிங் அக்கா:
குறுக்கே பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். நானும் பனியன் கம்பெனியில் செக்கிங்தான். பெரியவன் பிளஸ் ஒன் படிக்கிறான். பள்ளிக்கூடத்திலும் அவனுக்குச் சாயப்பட்டறைக் கணக்குத்தானா? இந்த ஊர் நூலும் சாயமும் வேண்டாம், ஒன்றரை ஷிப்ட் வேண்டாம் என்றுதானே படிக்கவே அனுப்புகிறோம்? டாக்டர் வீட்டுப் பிள்ளைக்கு இப்படி யாராவது சொல்லிக் கொடுப்பார்களா?

லேப் டிப்:
அக்கா கேட்டதில் நியாயம் இருக்கிறது. நான் ஆள் பிடிக்கவில்லை, அக்கா. பையனுக்குக் கண்ணால் பார்த்த பொருளில் கணக்கு பிடிபட்டுவிட்டால் அப்புறம் பொருளை மாற்றிக்கொள்ளலாம். ஆஸ்பத்திரியில் ஏற்றுகிற சலைன் 0.9 சதவீதம், 500 மில்லி பாட்டிலில் 4.5 கிராம் உப்பு. என் 1 சதவீதக் கரைசல் போட்டவனுக்கு அது புதுசு இல்லை. நர்சிங், பார்மசி, குடிநீர் பரிசோதனைக் கூடம், மாசு கட்டுப்பாட்டு வாரியத்து லேப் எல்லா இடத்திலும் இதே கணக்கு நடக்கிறது. சார், கார்டு கணக்கு முடிந்த கையோடு சலைன் கணக்கையும் அதே போர்டில் பக்கத்திலேயே போட்டுவிடுங்கள். அக்கா பயப்படுவதுபோல் ஒரே வாசல்தான் என்று பசங்க நினைக்கக் கூடாது.

டாக்டர் வீட்டுப் பிள்ளை விஷயம் அக்கா, அந்த வீட்டில் சாப்பிடும்போதே சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன்.

வேதியியல் வாத்தியார்:
142, 322 கணக்கு இன்றே போர்டுக்குப் போனது. அவன்தான் முதலில் 109 சொன்னான். சொல்லிவிட்டு, "அப்போ படிக உப்பு மூட்டை விலை பாதிக்கும் கீழே இருக்கணும்ல சார்?" என்று கேட்டான், புத்தகத்தில் இல்லாத கேள்வி. அக்கா சொன்னதையும் மனதில் வைத்து நாளைக்குச் சலைன்.

லேப் டிப், பழைய பேட்ச் கார்டு நாலைந்து கிடைக்குமா? கையால் எழுதியதாக இருந்தால் நல்லது.

லேப் டிப்:
தருகிறேன் சார். பார்ட்டி பெயர் இருக்கிற மேல் பாகத்தைக் கிழித்துவிட்டுத்தான் தர முடியும். சாயக் கறை இருக்கும், பரவாயில்லையா?