மீட்டர் 11.1, லாக் 12.5: எதை நம்புவது? (அவசரம்)

வீரா15 · சனி, இரவு 11.47
வணக்கம். அவசரமாகக் கேட்கிறேன். ஏஎஃப்ஆர் மீட்டர் (ஒரு பங்கு பெட்ரோலுக்கு எத்தனை பங்கு காற்று என்று காட்டுவது) ஒன்று சொல்கிறது, லேப்டாப்பில் பதிவாகும் லாக் இன்னொன்று சொல்கிறது. முழுசாக மிதித்தால் மீட்டரில் 11.1, லாக்கில் 12.5. லாக்கைப் பார்த்துத்தான் எவ்வளவு பெட்ரோல் போக வேண்டும் என்று மேப் போட்டேன். இப்போது வண்டி பின்னால் எண்ணெய் (பெட்ரோல்) நாற்றம் அடிக்கிறது. எது பொய்? செலவில்லாத வழியாகச் சொல்லுங்கள். நாளை ஆலையில் காலை ஷிஃப்ட்.

கூலிம்காரன் · இரவு 11.58
என்ன கார், என்ன மீட்டர், லாக் எதில் எடுக்கிறீர்கள், புகைக்குழாயில் சென்சர் எங்கே பொருத்தியிருக்கிறது? ஒன்றுமே சொல்லாமல் எது பொய் என்றால் ஜோசியம்தான் பார்க்க வேண்டும்.

டைமிங்பெல்ட் · நள்ளிரவு 12.10
எக்ஸாஸ்ட் கசிவு. கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். சென்சருக்கு முன்னால் கேஸ்கெட் லேசாக விட்டிருந்தாலும் வெளிக்காற்று உள்ளே இழுக்கும். அந்த ஆக்சிஜனைப் பார்த்துவிட்டு சென்சர் லீன் (எண்ணெய் குறைவு) என்று சொல்லும். என் சத்ரியா காரில் ஒரு மாதம் இதோடுதான் மல்லுக்கட்டினேன். சவர்க்காரத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள், குமிழி வரும்.

அனுபவஸ்தன் (மூத்த உறுப்பினர்) · நள்ளிரவு 12.31
இந்தக் கேள்விக்கு நானே எத்தனை முறை பதில் எழுதியிருக்கிறேன். இப்போதுள்ள பிள்ளைகளுக்குத் தேடிப் படிக்கப் பொறுமை இல்லை. வீடியோ பார்த்து வயர் இழுத்துவிட்டு நடுராத்திரியில் அவசரம் என்கிறார்கள். எர்த், தம்பி. எர்த். மீட்டரின் கறுப்பு வயரை எங்கே கட்டினாய்? ரேடியோவுக்குப் பின்னால்தானே? சென்சருக்குள் ஹீட்டர் இருக்கிறது, ஆம்பியர் கணக்கில் கரண்ட் குடிக்கும். அது போகும் எர்த்தும் இசியு (இன்ஜினை நடத்தும் கணினி) எர்த்தும் வேறு வேறு இடத்தில் இருந்தால் சிக்னல் தூக்கிக் காட்டும். இரண்டையும் ஒரே இடத்தில் கட்டு. முடிந்தது கதை.

வீரா15 · ஞாயிறு, காலை 5.20
கார் புரோட்டான் வீராதான், பெயரிலேயே இருக்கிறதே. 1.5, 4ஜி15 இன்ஜின். இசியு ஸ்பீடுயினோ. மீட்டர் செகண்ட்ஹேண்ட், 350 வெள்ளி (ரிங்கிட்). எர்த் ரேடியோவுக்குப் பின்னால்தான், அண்ணனுக்கு எப்படித் தெரிந்தது? ஷிஃப்டுக்குக் கிளம்புகிறேன்.

கூலிம்காரன் · காலை 8.05
மீட்டரில் பிராண்ட் என்ன என்று கேட்டால் விலையைச் சொல்கிறார் மனிதர்.

பாசார்மாலாம் · காலை 9.15
இவ்வளவு எதற்கு? வண்டியோடு வந்த ஒரிஜினல் ஆக்சிஜன் சென்சரிலேயே 20 வெள்ளி மல்டிமீட்டரை மாட்டினால் போதாதா? நான் அப்படித்தான் பார்க்கிறேன்.

குலைலாரி · காலை 9.40
பாசார்மாலாம் அண்ணே, அது நேரோபேண்ட். பெட்ரோலுக்குச் சரியான விகிதமான 14.7க்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதை மட்டும்தான் சொல்லும். ரிச் (எண்ணெய் அதிகம்) என்றால் 0.9 வோல்ட், லீன் என்றால் 0.1, நடுவில் 0.45ஐத் தாண்டும்போது செங்குத்தாக விழும். 12.5க்கும் 11க்கும் அது காட்டுகிற வித்தியாசம் தூசு. சென்சர் வேலை செய்கிறதா என்று பார்க்கலாம், முழு மிதியில் மேப் போட உதவாது.

கசிவு என்ற தம்பிக்கும் ஒரு வார்த்தை. மீட்டரும் லேப்டாப்பும் பார்ப்பது ஒரே சென்சரை. கசிவு இருந்தால் இரண்டுமே சேர்ந்துதான் பொய் சொல்லும். இங்கே ஒன்றோடு ஒன்று ஒத்துப்போகவில்லை என்பதுதான் புகார். ஆகவே கோளாறு மீட்டருக்குப் பின்னால்: வயரில், எர்த்தில், அல்லது லேப்டாப்பில் கொடுத்த கணக்கில்.

வீரா15, மூன்று இடத்தில் இரண்டு எண்ணையும் பார்த்து எழுதுங்கள். ஒன்று, ஐடிலில் (வண்டி நின்றபடி இன்ஜின் ஓடும்போது). இரண்டு, முழு மிதியில் (இது தந்துவிட்டீர்கள்). மூன்று, மூன்றாவது கியரில் வேகமாகப் போய் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடும்போது. மீட்டர் பிராண்டும் வேண்டும்.

அனுபவஸ்தன் (மூத்த உறுப்பினர்) · காலை 10.02
எர்த்தைச் சரிசெய்யாமல் எண் எழுதி என்ன பயன்? அடித்தளம் இல்லாத வீட்டுக்குப் பெயின்ட் அடிப்பது போல.

பாலிங்காரன் · காலை 11.30
யாரும் எண்ணெயைப் பற்றிக் கேட்கவில்லையே. விடுமுறைக்கு ஹாட்யாய் போய் வந்தீர்களா? தாய்லாந்து கேசஹால் இ10, பத்து விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். அதற்கு 14.7 கிடையாது, 14.1தான் சரியான விகிதம். டேங்கில் அது கலந்திருந்தால் மீட்டர் குழம்பிப் போகும்.

டைமிங்பெல்ட் · காலை 11.44
அங்கே யார் போய் எண்ணெய் ஊற்றுவான்? இங்கே ரோன்95 பெட்ரோலை நிறைத்துக்கொண்டுதானே எல்லாரும் புக்கிட் காயு ஹீத்தாம் எல்லையைத் தாண்டுகிறார்கள்.

பாலிங்காரன் · காலை 11.52
திரும்பி வரும்போது எல்லைக்கு அந்தப் பக்கம் டானோக்கில் முள் சிவப்பில் நின்றால் ஊற்றத்தானே வேண்டும்.

கூலிம்காரன் · பகல் 12.20
எண்ணெய் எதுவானாலும் மீட்டர் குழம்பாது. சென்சர் அளப்பது லாம்டாவை, அதாவது சரியான விகிதத்தைப் போல எத்தனை மடங்கு காற்று என்பதை. அதை 14.7ஆல் பெருக்கித் திரையில் போடுகிறார்கள். இ10 ஊற்றினாலும் லாம்டா 1 என்றால் திரையில் 14.7தான் வரும். உண்மையான விகிதம் 14.1 என்பது உங்கள் மனதில் மட்டும் இருக்கும். அதனால்தான் நான் லாம்டாவில் மட்டும் பேசுவேன்.

பாலிங்காரன் · பகல் 12.41
அப்படியென்றால் எல்லாரும் 12.5, 13 என்று ஏன் பேசுகிறார்கள்? நாற்பது வருடமாக டியூன் பண்ணுகிறவர்கள் எல்லாம் முட்டாள்களா?

கூலிம்காரன் · பகல் 12.55
முட்டாள் என்று யார் சொன்னது? 0.85 என்றால் எந்த எண்ணெயிலும் 0.85. உங்கள் 12.5க்குப் பக்கத்தில் எந்த எண்ணெய் என்று எழுதி வைக்க வேண்டும். அவ்வளவுதான் சொன்னேன்.

பாலிங்காரன் · பகல் 1.03
எங்கள் ஊர்ப் பட்டறையில் போய் 0.85 என்று சொல்லிப் பாருங்கள், கண்ணாடி நம்பரா என்பார்கள்.

டைமிங்பெல்ட் · பகல் 1.10
இருவரும் டீ குடித்துவிட்டு வாருங்கள். எனக்கு இன்னமும் கசிவின் மேல்தான் சந்தேகம்.

வீரா15 · மாலை 6.50
ஷிஃப்ட் முடிந்தது. தாய்லாந்து எண்ணெய் இல்லை, கம்போங் பம்பில் ரோன்95. மீட்டர் இன்னோவேட். மஞ்சள் வயரை ஸ்பீடுயினோவுக்குக் கொடுத்திருக்கிறேன்.
பாடாங் செராய் ரோட்டில் இப்போதுதான் ஓட்டினேன்.
ஐடில்: மீட்டர் 14.7, லாக் 14.9.
முழு மிதி: 11.1, 12.5.
காலை எடுத்தால்: மீட்டர் 22.4, லாக் 20. லாக் அதற்கு மேல் போகவே இல்லை, கோடு போட்ட மாதிரி நிற்கிறது.
ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினேன். வெள்ளை பீங்கான் தெரியவே இல்லை. விரல் வைத்தால் அடுப்புக்கரி மாதிரி மெத்தென்று ஒட்டுகிறது.

குலைலாரி · இரவு 7.35
நன்றி தம்பி, விடை அந்த 20இல் இருக்கிறது.

எர்த் மட்டும்தான் கோளாறு என்றால் எல்லா இடத்திலும் வித்தியாசம் ஒரே பக்கம் சாயும், ஏறக்குறைய ஒரே அளவில். உங்களுக்கு ஐடிலில் லாக் 0.2 கூட, மிதித்தால் 1.4 கூட, காலை எடுத்தால் 2.4 குறைவு. கோடு நகரவில்லை, சாய்வே மாறியிருக்கிறது. சாய்வு மாறினால் அது கணக்குப் பிழை.

இன்னோவேட்டின் மஞ்சள் வயரில் 0 வோல்ட் என்றால் 7.35, 5 வோல்ட் என்றால் 22.39. ஒரு வோல்ட்டுக்கு 3.008. காலை எடுத்தால் எண்ணெய் நின்று வெறும் காற்று வருகிறது, வயரில் 5 வோல்ட். அப்போது உங்கள் லாக் 20இல் நிற்கிறது என்றால் 5 வோல்ட் = 20 என்று நீங்கள் கொடுத்திருக்கிறீர்கள். 0 வோல்ட்டுக்கு 10 கொடுத்தீர்களா? பழைய ஏஇஎம் மீட்டரின் கணக்கு அது.

சரிபார்க்கிறேன். மீட்டர் 11.1 என்றால் வயரில் 1.247 வோல்ட். உங்கள் கணக்கில் 10 + 2 × 1.247 = 12.49. உங்கள் 12.5 அதுதான். 14.7க்கு 2.443 வோல்ட், லாக்கில் 14.89. அதுவும் சரி. 15.26 ஆகும்போது மட்டும் இரண்டும் ஒரே எண்ணைக் காட்டும். ஐடில் அதற்குப் பக்கத்தில் இருப்பதால்தான் முதலில் உங்களுக்குச் சந்தேகம் வரவில்லை.

ஆக மீட்டர் சொன்னது சரி. லாக்கை நம்பி 12.5 வரும்வரை எண்ணெய் சேர்த்துக்கொண்டே போயிருக்கிறீர்கள், வண்டி உண்மையில் 11.1இல் ஓடுகிறது. பிளக் கரி அதற்குச் சாட்சி.

லேப்டாப்பில் இசியுவை டியூன் பண்ணும் டியூனர்ஸ்டுடியோவில் ஏஎஃப்ஆர் சென்சர் அளவீட்டுப் பக்கத்தைத் திறந்து பட்டியலில் இன்னோவேட்டைத் தேர்ந்தெடுங்கள். அப்புறம் கன்ட்ரோலரில் எழுதும் பொத்தானை அமுக்க மறக்காதீர்கள், பாதிப் பேர் அதை விட்டுவிட்டுத்தான் திரும்ப வருகிறார்கள். பழைய லாக்கை அழிக்க வேண்டாம்: அதிலுள்ள எண்ணை 1.504ஆல் பெருக்கி 7.69 கழித்தால் உண்மை எண் கிடைக்கும். முழு மிதிப் பகுதியில் இப்போது போகும் எண்ணெயில் ஏறக்குறைய 11 விழுக்காடு குறைக்க வேண்டும். ஒரேயடியாக வெட்டாமல் மூன்று மூன்று விழுக்காடாகக் குறைத்து ஒவ்வொரு முறையும் ஓட்டிப் பாருங்கள். டர்போ இல்லாத வண்டிக்கு 12.5இலிருந்து 13 வரை போதும்.

செகண்ட்ஹேண்ட் என்றீர்கள். சென்சரைக் கழற்றி வெளிக்காற்றில் வைத்து ஒருமுறை கேலிபரேஷன் செய்துவிடுங்கள், அந்த மீட்டருக்கு அது தேவை. மறுபடி மாட்டும்போது கடிகாரத்தில் 10க்கும் 2க்கும் நடுவில் மேல்நோக்கி இருக்கட்டும். கீழே தொங்கினால் குழாயில் தேங்கும் தண்ணீர் சூடான சென்சரில் பட்டு, சென்சர் விரிசல் விட்டுவிடும். இன்னொன்று, மீட்டருக்குக் கரண்ட் இல்லாமல் சென்சரைக் குழாயில் வைத்து ஓட்டாதீர்கள், கரி அடைத்துச் செத்துப்போகும்.

வீரா15 · இரவு 7.52
10, 20தான் கொடுத்தேன் அண்ணே. வீடியோவில் அப்படித்தான் போட்டார்கள்.

அனுபவஸ்தன் (மூத்த உறுப்பினர்) · இரவு 8.15
வீடியோ. நான் முதலிலேயே சொன்னேன்.

கூலிம்காரன் · இரவு 8.17
நீங்கள் சொன்னது எர்த்.

வீரா15 · செவ்வாய், இரவு 10.30
சரியாகிவிட்டது, மீட்டரும் லாக்கும் ஒத்துப்போகின்றன. இப்போது 12.8. நாற்றம் இல்லை. ஆனால் ராத்திரியில் ஹெட்லைட்டும் ஃபேனும் போட்டால் லாக் மட்டும் 0.2 கூடுகிறது. அது பரவாயில்லைதானே?

அனுபவஸ்தன் (மூத்த உறுப்பினர்) · இரவு 10.34
எர்த்.

குலைலாரி · இரவு 11.05
இந்த முறை அண்ணன் சொல்வது சரி. 0.2 என்றால் ஏறக்குறைய 0.07 வோல்ட். ரேடியோவைக் கழற்றிப் பாருங்கள். ஒரே ஸ்க்ரூவில் மூன்று நான்கு கறுப்பு வயர் இருக்கும், அடியில் பெயின்ட் சுரண்டியிருக்காது. மீட்டர் எர்த்தை அங்கிருந்து எடுத்து, ஸ்பீடுயினோ எர்த் இன்ஜினில் எந்த போல்ட்டில் இருக்கிறதோ அதிலேயே கட்டுங்கள்.

பாசார்மாலாம் · புதன், காலை 7.40
என் கான்சில் காரிலும் இப்படித்தான் காட்டுகிறது, ஆனால் கார்புரேட்டர். யாராவது பார்க்க முடியுமா?

கூலிம்காரன் · காலை 7.48
என்ன மீட்டர்?

பாசார்மாலாம் · காலை 7.51
மல்டிமீட்டர்.