ஹீட்டர் போட்டால் டிரிப் ஆகிறது, தண்ணீரிலும் சூடு நிற்பதில்லை

கலா, ஜெலுத்தோங்

வணக்கம். நாங்கள் பினாங்குத் தீவில், ஜெலுத்தோங்கில் ஒரு பழைய அடுக்குமாடியில் இருக்கிறோம். குளியலறையில் இருப்பது இன்ஸ்டன்ட் ஹீட்டர், 3.6 கிலோவாட், பம்ப் இல்லாதது. ஒன்பது வருடமாக ஓடுகிறது.

இப்போது இரண்டு தொல்லை. காலை ஏழு மணி வாக்கில் குளித்தால் தண்ணீர் சுடச்சுட வரும், சட்டென்று பச்சைத் தண்ணீராகிவிடும், கொஞ்ச நேரம் கழித்து மறுபடி சூடாகும். இரவில் இவ்வளவு இல்லை. இன்னொன்று, ஹீட்டரைப் போட்டு ஐந்தாறு நிமிடத்தில் டிபி பாக்ஸில் (வீட்டு மின்லைன்கள் பிரியும் பெட்டி) ஒரு சுவிட்ச் விழுந்துவிடுகிறது. தூக்கிவிட்டால் நிற்கிறது, அடுத்த முறை குளிக்கும்போது மறுபடி விழுகிறது.

ஒருவர் வந்து பார்த்தார். ஹீட்டர் மூடியைக்கூடக் கழற்றவில்லை. "இந்த 10 மில்லி ஆம்பியர் மின்கசிவு சுவிட்ச் ரொம்ப சென்சிட்டிவ். இதை எடுத்துவிட்டு வீட்டுக்கே பொதுவாக இருக்கும் 100 மில்லி ஆம்பியரில் லைனைச் சேர்த்துவிடுகிறேன், அப்புறம் விழாது" என்றார். 150 வெள்ளி (ரிங்கிட்) கேட்டார். அந்த ஹீட்டரை அதிகம் பயன்படுத்துவது என் அம்மா, 78 வயது. எனக்கு மனசு ஒப்பவில்லை, வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். அவர் சொன்னது சரியா? இல்லை, புது ஹீட்டரே வாங்கிவிடலாமா?

செந்தூல்வாசி

எங்கள் வீட்டில் மழை பெய்த மறுநாள் மட்டும் விழும். தேடிப் பார்த்ததில் கூரைக்குள் ஓடும் வயர் இணைப்பில் ஈரம் இறங்கியிருந்தது. இன்னொரு சமயம் ஹீட்டர் சுவிட்சுக்குள் எறும்பு கூடு கட்டியிருந்தது. உங்களுக்கு மழையோடு சம்பந்தம் இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்பது வருடம் என்றால் நான் புதிது வாங்கிவிடுவேன்.

ஓய்வுபெற்ற வயர்மேன், பட்டர்வொர்த்

தங்கச்சி, அவரை அனுப்பிவிட்டது ரொம்ப நல்லது. நான் பிறை ஊர்ப் பக்கம் தொழிற்சாலைகளிலும், பிறகு தீவில் வீடுகளிலும் வயரிங் பார்த்தவன். இந்தப் பேச்சைக் கேட்டால் எனக்கு இன்றும் வயிறு எரியும். தரை ஈரமாகும் இடத்துக்கு 10 மில்லி ஆம்பியருக்கு மேற்படாத மின்கசிவுக் காப்பு வேண்டும் என்று 1994-ஆம் ஆண்டு மின்சார ஒழுங்குமுறைகளிலேயே இருக்கிறது. கையில் பிடித்து வேலை செய்யும் சாமான்களுக்கு 30, மற்றவற்றுக்கு 100. அந்த 100 மில்லி ஆம்பியர் காப்பு, கம்பி கருகித் தீப்பிடிப்பதைத் தடுக்க உதவும். சோப்பும் தண்ணீருமாக வெறுங்காலோடு நிற்கும் உங்கள் அம்மாவுக்கு அதை நம்பக் கூடாது. 10 விழுகிறது என்றால் எங்கோ மின்சாரம் கசிகிறது என்று பொருள். கசிவைத்தான் தேட வேண்டும்.

உங்கள் இரண்டு தொல்லையையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளாதீர்கள். சூடு போய் வருவது பெரும்பாலும் தண்ணீர் விஷயம், டிரிப் ஆவது மின்சார விஷயம்.

முதலில் டிரிப். விழுவது எது என்று பாருங்கள். டெஸ்ட் பொத்தான் இருக்கும் சுவிட்ச் என்றால் ஆர்சிசிபி, கசிவுக்கு விழுவது. பொத்தான் இல்லாத ஒற்றைச் சுவிட்ச் என்றால் எம்சிபி, மின்சாரம் அதிகமாக ஓடியதற்கு விழுவது. ஆர்சிசிபியாக இருந்தால் இப்படிச் செய்யுங்கள்: குளியலறைக்கு வெளியே இருக்கும் ஹீட்டர் சுவிட்சை அணைத்துவிட்டு, டிபி பாக்ஸில் அந்த லைனை மட்டும் ஒரு நாள் முழுக்கப் போட்டபடியே விட்டு வையுங்கள். அந்தச் சுவிட்ச் இரண்டு கம்பியையும் வெட்டும் டபுள் போல் வகையாக இருக்க வேண்டும், அப்போதுதான் இந்தச் சோதனைக்கு அர்த்தம். அணைத்தும் விழுந்தால் வயரில் கோளாறு. விழாமல் நின்றால் ஹீட்டருக்குள்தான். நீங்கள் சொல்லும் ஐந்தாறு நிமிடக் கணக்கைப் பார்த்தால் எனக்கு எலிமென்ட் (தண்ணீரைச் சூடாக்கும் கம்பி) மேல்தான் சந்தேகம். சூடு ஏற ஏற மின்காப்பு இறங்கும். ஹீட்டருக்குள் இருக்கும் தொட்டியில் விரிசல் விட்டு இணைப்பின் மேல் சொட்டினாலும் இதே கதைதான். மூடியை நீங்கள் கழற்ற வேண்டாம். கண்டுபிடிக்கும் வரை அம்மா அடுப்பில் காய்ச்சிய தண்ணீரில் குளிக்கட்டும்.

இன்னொன்று, 3.6 கிலோவாட் ஹீட்டர் 240 வோல்ட்டில் 15 ஆம்பியர் இழுக்கும். சுவிட்ச் உள்ளே ஒரு ஸ்க்ரூ லேசாக இளகினாலே போதும், அந்த இடம் சூடாகிப் பிளாஸ்டிக் பழுப்பேறும். குளித்து முடித்ததும் ஹீட்டரை அணைத்துவிட்டு, கையை நன்றாகத் துடைத்துக்கொண்டு சுவிட்ச் முகப்பைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் வயர்மேனிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

அடுத்தது தண்ணீர். ஒரு லிட்டர் ஜாடியை ஷவரின் கீழே வைத்து, ஹீட்டரைப் போடாமல், நிறைய எத்தனை விநாடி ஆகிறது என்று காலையிலும் இரவிலும் பாருங்கள். குழாய்த் தண்ணீர் நம் ஊரில் சுமார் 28 டிகிரி என்று வையுங்கள். நிமிடத்துக்கு 4 லிட்டர் ஓடினால் முழு வேகத்தில் ஹீட்டர் 13 டிகிரி கூட்டி 41 ஆக்கும், குளிக்க இதமான சூடு. 2 லிட்டர்தான் ஓடுகிறது என்றால் 26 டிகிரி கூட்டும். 54 டிகிரி தண்ணீர் வயதானவர்கள் தோலைப் பொசுக்கிவிடும். அந்தச் சூட்டில் தெர்மல் கட்டவுட் தானே அணைத்துவிடும், ஆறியதும் திரும்பப் போடும். ஓட்டம் இன்னும் குறைந்தால், தண்ணீர் ஓட்டத்தைப் பார்க்கும் ஃப்ளோ சுவிட்சே ஹீட்டரை நிறுத்திவிடும். காலையில் மாடி மாடியாக எல்லாரும் குழாயைத் திறக்கும் நேரத்தில்தானே உங்களுக்கு இது நடக்கிறது? செந்தூல்வாசி சொன்ன மாதிரி புதிது வாங்கினாலும் இந்தத் தொல்லை அப்படியேதான் இருக்கும்.

சுருஹான்ஜாயா தெனாகாவில் (மலேசிய எரிசக்தி ஆணையம்) பதிவுள்ள வயர்மேனைக் கூப்பிடுங்கள். மின்காப்பை அளக்கும் இன்சுலேஷன் டெஸ்டர் கொண்டு வருவாரா என்று போனிலேயே கேளுங்கள்.

கலா, ஜெலுத்தோங்

அண்ணே, நீங்கள் சொன்னபடியே செய்தோம். விழுவது ஆர்சிசிபிதான். வெளிச் சுவிட்சை அணைத்து விட்டபோது விழவில்லை. ஜாடி நிறைய இரவில் 17 விநாடி, காலையில் 32.

பதிவுள்ள வயர்மேன் நேற்று வந்தார். மூடியைக் கழற்றியதும் எனக்கே தெரிந்தது: செம்புத் தொட்டியின் அடிப்பக்கம் பச்சை பூத்து, அதிலிருந்து ஒரு நீர்க்கோடு எலிமென்ட் இணைப்பு வரை இறங்கியிருந்தது. மின்காப்பை 500 வோல்ட்டில் அளந்து 0.2 மெகாஓம்தான் இருக்கிறது என்று காட்டினார். சுவிட்சுக்குள் ஒரு முனை பழுப்பேறியிருந்தது. அப்புறம் தண்ணீர் உள்ளே வரும் இடத்தில் விரல் நுனி அளவுக்கு ஒரு வலை வடிகட்டி, அதில் மணலும் பழைய டெஃப்லான் டேப் துண்டும் அடைத்துக்கொண்டிருந்தன. அதைக் கழுவிப் போட்ட பிறகு இன்று காலை 20 விநாடி.

எலிமென்ட் மட்டும் மாற்றலாமா, முழுதாக மாற்றலாமா?

ஓய்வுபெற்ற வயர்மேன், பட்டர்வொர்த்

முழுதாக மாற்றுங்கள், தங்கச்சி. தொட்டியே கசிகிறது, எலிமென்டுக்குப் போடும் காசு வீண். வயர் நல்லதுதான் என்று தெரிந்துவிட்டது, ஆனால் அது 2.5 என்றால் இந்தச் சந்தர்ப்பத்திலேயே 4 சதுர மில்லிமீட்டராக இழுத்துவிடுங்கள். பழுப்பேறிய சுவிட்சையும் மாற்றுங்கள், சுரண்டித் துடைத்துத் திரும்பப் போடவே கூடாது. ஹீட்டரில் சிரிம் தர முத்திரை இருக்க வேண்டும்.

20 விநாடி என்றால் நிமிடத்துக்கு 3 லிட்டர். அம்மாவுக்குக் குமிழை முழுதாகத் திருப்பாமல் குறைத்து வைத்தால் போதும். பம்ப் உள்ள மாடல் வாங்க ஆசைப்பட்டால், உங்கள் குளியலறைத் தண்ணீர்க் குழாய் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டியிலிருந்து வருகிறதா என்று கட்டட நிர்வாகத்திடம் முதலில் கேளுங்கள். நேரடிக் குழாயில் பம்ப் மாட்டக் கூடாது. பொருத்தி முடித்ததும் எர்த்தை அளக்கச் சொல்லி, ஆர்சிசிபியின் டெஸ்ட் பொத்தானை உங்கள் கண் முன்னால் அழுத்திக் காட்டச் சொல்லுங்கள். அது விழுந்த பிறகு காசைக் கொடுங்கள். அப்புறம் மாதம் ஒரு தடவை நீங்களே அழுத்திப் பாருங்கள். விழவில்லை என்றால் அன்றே ஆளைக் கூப்பிடுங்கள்.