டெஸ் நாவலின் வெட்டுப்பட்ட பகுதிகள் பற்றி உதவி தேவை

வணக்கம் நண்பர்களே, தாமஸ் ஹார்டியின் டெஸ் நாவலைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். 1891இல் தி கிராஃபிக் வார இதழில் தொடராக வந்தபோது டெஸ் கெடுக்கப்படும் பகுதியையும் அவள் தன் குழந்தைக்குத் தானே ஞானஸ்நானம் கொடுப்பதையும் எடுத்துவிட்டார்கள், வெள்ளம் நின்ற பாதையில் டெஸ்ஸின் காதலன் ஏஞ்சல் பால்காரப் பெண்களைக் கையில் தூக்கிக் கடத்துவதுகூட ஆகாதென்று தள்ளுவண்டியில் ஏற்றிவிட்டார்கள்! அதே ஆண்டு புத்தகமாக வந்தபோது ஹார்டி இவற்றைத் திரும்பச் சேர்த்து, ‘தூய பெண்’ என்று துணைத்தலைப்பும் வைத்தார். அந்தத் துணிச்சல்தான் என்னை இந்த நாவலோடு கட்டிப்போட்டது.

சரி, தொடருக்கும் புத்தகத்துக்கும் உள்ள வேறுபாடுகளைப் பக்கவாரியாகக் காட்டும் பதிப்பு எது? அப்புறம், இந்த வெட்டுகளுக்கு இதழாசிரியர்களின் பயம் மட்டும்தான் காரணமா, ‘மூடி’ (Mudie’s) போன்ற, சந்தாவுக்குப் புத்தகம் இரவல் தந்த அக்கால வாடகை நூலகங்களின் நெருக்கடியும் உண்டா? படித்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.