மறு: இன்ஜெக்டருக்கு ‘உட்செலுத்தி’ போதுமா? என் ஓட்டு ‘பீச்சி’க்கு

அன்பு நண்பர்களுக்கு,

எஞ்சின் சிலிண்டருக்குள் டீசலை அடிக்கிற இன்ஜெக்டருக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது, ‘உட்செலுத்தி’ போதுமா என்று பேசிக்கொண்டிருக்கும் இந்த இழையில் மூன்று நாளாக நான் வாய் திறக்காததற்குக் காரணம், என் வேனே இன்ஜெக்டர் வேலைக்காகப் பட்டறையில் கிடந்ததுதான். நீங்கள் இங்கே சொல்லை அலசிக்கொண்டிருந்தபோது நான் அங்கே பொருளைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வாரம் இரண்டு நடை சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு மளிகைச் சாமான் ஏற்றிப் போகிற வண்டி அது. 20 கொண்டை ஊசி வளைவில் ஐந்தாவதிலேயே இழுவை செத்துவிடும். பின்னால் வருகிறவர் ஹாரன் அடித்துத் திட்டுகிற அளவுக்குக் கரும்புகை. இரவு மேலே தங்கினால் காலைக் குளிரில் செல்ஃப் அடித்தே பேட்டரி இறங்கிவிடும். 1,500 மீட்டர் உயரமாயிற்றே, காற்று மெலிவு, அதனால்தான் புகை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். அடிவாரத்திலேயே புகை தள்ள ஆரம்பித்ததும் அது எடுபடவில்லை.

ஐந்து ரோட்டுப் பக்கம் எனக்கு வழக்கமான மெக்கானிக் ஒருவர். “நாசில் (இன்ஜெக்டரின் துளையுள்ள முனை) போயிருக்கும்ண்ணா” என்றபடி நான்கு சிறிய பாட்டில்களைத் தேடி எடுத்தார். இன்ஜெக்டருக்கு வருகிற டீசல் முழுதும் சிலிண்டருக்குள் போய்விடாது. ஒரு பங்கு ரிட்டர்ன் குழாய் வழியாகத் திரும்பிவிடும். உள்பாகம் தேயத் தேயத் திரும்புவது கூடும். அளவு மீறினால் ரெயிலில் (எல்லா இன்ஜெக்டருக்கும் டீசலை அழுத்தத்தோடு கொடுக்கிற பொதுக் குழாய்) அழுத்தம் ஏறாது, வண்டி ஸ்டார்ட் ஆகாது. நான்கு ரிட்டர்னையும் தனித்தனிப் பாட்டிலில் விட்டு எஞ்சினை ஓடவிட்டார். மூன்று பாட்டில்களில் இரண்டு விரற்கடை டீசல். மூன்றாம் சிலிண்டரின் பாட்டில் மட்டும் கழுத்து வரை.

கழற்றுவதுதான் பெரிய பாடு. கரி இறுகித் தார் மாதிரி பிடித்திருந்தது. எண்ணெய் விட்டு ஒரு இரவு ஊறவைத்து, மறுநாள் இழுப்புச் சுத்தியலால் தட்டித் தட்டி எடுத்தார். குழிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தவர் சிரித்துவிட்டு, கம்பியைக் கொக்கியாக வளைத்து உள்ளே விட்டார். வந்தது ஒரு பழைய செப்பு வாஷர். முன்பு வேறொரு பட்டறையில் வேலை பார்த்தவர்கள் பழையதை எடுக்காமல் அதன் மேலேயே புதியதைப் போட்டிருக்கிறார்கள்! இன்ஜெக்டர் சரியாக உட்காராமல் புகைக்காற்று கசிந்ததும் கரி சேர்ந்ததும் அதனால்தான். வாஷர் பத்து, இருபது ரூபாய்ச் சாமான். சரி, அதை விடுங்கள்.

நான் சொல்ல வந்தது அடுத்ததை. கழற்றியவற்றை டீசல் பம்பு பழுதுபார்க்கும் கடையில் சோதனைப் பெஞ்சில் மாட்டிக் கண்ணாடிக்குப் பின்னால் ஓடவிட்டார்கள். நல்ல இன்ஜெக்டர் அடித்தபோது நுனியைச் சுற்றி நட்சத்திரம் மாதிரி நாலா பக்கமும் சமமாகப் பனிப்புகை விரிந்தது, பட்டென்று நின்றது. மூன்றாவது ஒரு பக்கம் மட்டும் கம்பியாக அடித்தது. நின்ற பிறகும் நுனியில் ஒரு சொட்டு திரண்டு தொங்கியது.

‘உட்செலுத்தி’யில் எனக்கு வருகிற இடறல் இங்கேதான். அச்சொல் டீசல் உள்ளே போகிறது என்பதை மட்டும் சொல்கிறது. என் மூன்றாவது இன்ஜெக்டரும் உள்ளே செலுத்தியது, தேவைக்கு மேலேயே செலுத்தியது. கெட்டது செலுத்தல் இல்லை, பீச்சல். ‘உட்செலுத்தி பழுது’ என்று சொன்னால் கேட்பவர் டீசல் போகவில்லை என்றுதான் எடுத்துக்கொள்வார்.

‘டீசல் ஊசி’ என்று முன்மொழிந்த நண்பருக்கு: இன்ஜெக்டருக்குள்ளேயே ஒரு ஊசி இருக்கிறது. நாசிலுக்குள் சில மைக்ரான் இடைவெளியில் ஏறி இறங்கும் கம்பி அது. அது மேலே எழும்பினால்தான் துளை திறக்கும். ஊசி என்ற பெயரை அதற்கே விட்டுவிடுவோம். ‘தெளிப்பான்’ தோட்டக்காரர்கள் கையில் மருந்தடிக்கப் போய்விட்டது. ‘தூவான்’ என்றால் மழைத்தூவான் ஞாபகம்தான் வரும். 1,600 பார், அதாவது காற்றழுத்தத்தைப் போலச் சுமார் 1,600 மடங்கு அழுத்தத்தில் அடிப்பதற்கு அது ரொம்ப மென்மையான சொல். அந்த அழுத்தத்தில் விரலைக் காட்டினால் டீசல் தோலைத் துளைத்துச் சதைக்குள் போய்விடும், உடனே அறுவை சிகிச்சைக்குத்தான் ஓட வேண்டும்.

ஆகவே ‘பீச்சி’. எங்கள் பக்கம் பால் கறப்பதைப் பீச்சுவது என்றே சொல்வோம். காம்பிலிருந்து சொம்பில் சர் சர்ரென்று விழுகிறதே, அழுத்தம், சிறு துளை, விட்டு விட்டு அடிப்பது மூன்றும் அந்த ஒரு வினைக்குள் இருக்கின்றன. சொட்டு நீர்ப் பாசனம் என்ற பெயர் வயல்காட்டில் வேலை செய்பவர் வாயில் தானாக உட்கார்ந்ததற்குக் காரணம், கண்ணில் படுவதை அப்படியே சொன்னதுதான்.

குடும்பமும் பெருகும். நாசிலுக்குப் பீச்சுமுனை. பெரிய அடிக்கு முன்னால் எஞ்சின் தட்டலைக் குறைக்கச் சிறு துளி விடுவது முன்பீச்சு, அப்புறம் முதன்மைப் பீச்சு, பின்பீச்சு. பீச்சழுத்தம், பீச்சுநேரம். உட்செலுத்தியை வைத்து இவற்றைக் கட்டிப் பாருங்கள், மூச்சு வாங்கும்.

ஆட்சேபம் தெரியும். வயிற்றுப் பீச்சல் இருக்கிறது, பீச்சாங்கை இருக்கிறது. மெக்கானிக்கிடம் சொன்னபோது அவரும் முதலில் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே, “ஒழுகறதுக்கும் பீச்சறதுக்கும் வித்தியாசம் இருக்குதில்லண்ணா, நல்லா இருந்தா பீச்சும், கெட்டா ஒழுகும்” என்றார். என் வாதத்தில் பாதியை அவரே சொல்லிவிட்டார். ஆனாலும் பில்லில் எழுதியது ‘நாசில் 4’ தான்.

நான்கையும் மாற்றிவிட்டேன். புதியதன் தலையில் பொறித்திருந்த குறியீட்டை ஸ்கேனர் வழியாக எஞ்சின் கணினியில் ஏற்றினார். ஒவ்வொன்றின் சிறு அளவு வேறுபாட்டையும் கணினி அதை வைத்துத்தான் ஈடுகட்டும். இதற்கு ‘ஈட்டுக்குறி’ என்று போட்டிருக்கிறேன், அவ்வளவாகப் பிடிக்கவில்லை, யாராவது திருத்துங்கள். ரிட்டர்ன் டீசலுக்கு ‘மீள்வு’, ‘வழிவு’ இரண்டில் எது? பாட்டிலைப் பார்த்தவன் என்ற முறையில் எனக்கு ‘வழிவு’.