ஊட்டி குளிர்ல 7 மாச வயித்தோட தூங்க முடியல, எலக்ட்ரிக் பிளாங்கெட் பத்தி ஒரு டவுட்டு

லவ்டேல் பக்கம் பழைய ஓட்டு வீடு, எனக்கு 28 வாரம் நடக்குது. ஜனவரி பொறந்ததுலேர்ந்து காலைல புல்லு மேல வெள்ளையா உறைபனி, ராத்திரி 2 மணிக்கு கால் ஐஸாகி முழிச்சுடறேன், ஒருக்களிச்சு படுத்தா போர்வை தூக்கிக்கிட்டு முதுகுல குளிர் ஏறுது.

கம்பளி ரெண்டு, சாக்ஸ், ஸ்வெட்டர் எல்லாம் பார்த்தாச்சு. ஹாட் வாட்டர் பேக்கை துண்டுல சுத்தி கால்கிட்ட வெச்சுக்கறேன், வயித்துகிட்ட கொண்டு போறதில்ல, ஒரு மணி நேரத்துல ஆறிடுது. ரூம் ஹீட்டர் போட்டா மூக்கு காஞ்சு எரியுது. மாமியார் பாசத்துல கரி அடுப்பை உள்ள கொண்டு வந்துட்டாங்க, மூடின ரூம்ல கார்பன் மோனாக்சைடு வாசமே இல்லாம ஆளைக் கொன்னுடும்னு சண்டை போட்டு வெளிய வைக்க வெச்சேன் (இன்னும் முகம் குடுத்து பேசல).

இப்ப நாத்தனார் ஒரு எலக்ட்ரிக் பிளாங்கெட் குடுத்திருக்காங்க, மெத்தை மேல விரிக்கற டைப், 3 செட்டிங், டைமர் கிடையாது. ராத்திரி முழுக்க ஓடினா உடம்பு சூடு ரொம்ப ஏறிடுமோன்னு பயமா இருக்கு, அடுத்த செக்கப்புக்கு இன்னும் 10 நாள் இருக்கு.

படுக்கறதுக்கு அரை மணி முன்னாடி போட்டு மெத்தையை சூடாக்கிட்டு, ஆஃப் பண்ணி பிளக்கையும் பிடுங்கிட்டு படுத்தா பரவால்லையா?