தாடை ஒப்பரேஷனுக்குப் பிறகு மூட்டு இடம் மாறியவர்கள் இருக்கிறீர்களா?

வணக்கம், திருகோணமலை உவர்மலையிலிருந்து எழுதுகிறேன். என் தங்கச்சிக்கு 24 வயது. கீழ்த்தாடை உள்ளே போயிருந்ததால் எட்டு மாதத்துக்கு முன் ஒப்பரேஷன் செய்தோம். இரண்டு பக்கமும் எலும்பைப் பிளந்து, தாடையை முன்னால் நகர்த்தி, தகடும் ஸ்க்ரூவும் போட்டார்கள். கண்ணாடியைப் பார்த்து அவள் சிரித்த முதல் நாளை மறக்க முடியாது.

இப்போது இரண்டு மாதமாக முன்பற்கள் ஒன்றோடொன்று முட்டுவதில்லை. பாண் துண்டைக்கூடக் கடித்து எடுக்க முடியவில்லை. இடது காதுக்கு முன்னால் 'டக்' என்று சத்தம், காலையில் வலி.

போன கிழமை பார்த்த டொக்டர், மூட்டுத் தலை, அதாவது காதுக்கு முன்னால் மண்டையோட்டோடு பொருந்தும் கீழ்த்தாடையின் உருண்டை முனை, இடம் மாறியிருக்கலாம் என்றார். எலும்பைப் பொருத்தும்போது அது சற்றுத் திரும்புவதோ இறங்குவதோ உண்டாம், பெரும்பாலானோருக்கு உடம்பே அதற்குப் பழகிவிடுமாம். ஆனால் சிலருக்கு, அதிலும் இளம் பெண்களுக்கு, மூட்டுத் தலை மெல்லக் கரைந்து தாடை மறுபடி பின்னுக்குப் போகுமாம். அதுதான் எனக்குப் பயம்.

சிபிசிடி ஸ்கேன் (தாடையை முப்பரிமாணத்தில் காட்டும் எக்ஸ்ரே) எடுத்து, ஒப்பரேஷனுக்கு முந்தியதோடு ஒப்பிடச் சொன்னார். பழைய ஸ்கேன் எடுத்த இடத்தில் அதன் சீடியைக் கேட்டால் நாளை வா என்றே சொல்கிறார்கள். அதை வாங்க என்ன வழி?

இதே பிரச்சினை வந்தவர்களுக்கு ஸ்ப்ளின்ட் (பல்லின் மேல் மாட்டும் பிளாஸ்டிக் உறை) போட்டுச் சரியானதா, இல்லை மறுபடி ஒப்பரேஷனா? திருகோணமலையில் இந்த ஸ்கேன் எங்கே எடுக்கலாம்? பேராதனைப் பல் வைத்தியசாலைக்குப் போவதென்றால் இன்றைக்கே கண்டி பஸ் ஏறத் தயார். எந்த நாள் கிளினிக், கடிதம் வேண்டுமா? தெரிந்த அண்ணாமார், அக்காமார் தயவுசெய்து சொல்லுங்கள்.